அகழிப் பாலத்தில் ஒரு நெரிசல்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முன்னால் நாயக்கர் காலக் கோட்டையின் அகழியைக் கடக்கும் பாலத்தை, நிதானமாக நடந்தாலும் ஒரே நிமிடத்தில் கடந்துவிடலாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவை முழங்கால் வலியோடு அழைத்துச் சென்றபோது, எங்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

காரணம் வேறொன்றுமில்லை, கைப்பேசிதான். உள்ளங்கையில் கோயில் விமானத்தை ஏந்துவதுபோல் மகளை நிறுத்திவிட்டு, படத்துக்குள் கலசமும் அடங்கவேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் பார்க்காமலே நகர்ந்துவந்த ஒருவர், பெரியம்மாவின் காலை மிதித்தார். "கொஞ்சம் இருங்கம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். ஏழு எடுத்தார், நான் எண்ணினேன். அவருக்குப் பின்னால் தலையாட்டி பொம்மை விற்பவர் வழியை அடைத்து நிற்க, பொம்மைகள் மட்டும் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தன.

1010-இல் குடமுழுக்குக் கண்ட, ஏறத்தாழ 216 அடி உயர விமானம் அது. எங்கும் ஓடிவிடப் போவதில்லை. கேரளாந்தகன் வாயிலையும் இராசராசன் வாயிலையும் தாண்டிவிட்டால், எத்தனை பேர் வேண்டுமானாலும் நின்று படமெடுக்கும் அளவுக்குத் திருச்சுற்று விரிந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, எல்லோரும் நடந்தாகவேண்டிய இந்த ஒடுக்கத்தில்தான் நிற்பேன் என்பது என்ன பிடிவாதமோ! அத்தனை பேரில் ஒருவர்கூடக் குனிந்து அகழியைப் பார்க்கவில்லை. பெரியம்மா பார்த்தார், புல்லுக்கு நடுவே தண்ணீர்ப் புட்டிகள் கிடந்தன.