குடல் ஆபரேஷன் ஆன குழந்தைக்கு மூளை வளராதா?

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: பிறந்ததும் குடலில் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு மூளை வளராது, மலம் வெளியேற வயிற்றின் மேல் பை வைத்திருந்தால் குப்புறப் போடவே கூடாது என்று. இரண்டுமே தவறு.

வளர்ச்சியில் தாமதம் வரும் வாய்ப்பு கூடுதல்தான், குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்து குடல் அழுகல் நோய் வந்த குழந்தைகளுக்கு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் மல்லாந்தே கிடந்து, குழாய் வழியே பால் குடித்த பிள்ளைக்குக் கழுத்து நிற்பதும் கவிழ்வதும் பிந்துவதற்கு மூளைதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பழக வாய்ப்பே கிடைக்கவில்லையே! பலர் பிறகு எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். குறைமாதப் பிள்ளையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து அல்ல, பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும்.

காயம் ஆறி, சர்ஜன் சரி என்றதும், விழித்திருக்கும்போது உங்கள் நெஞ்சின் மேல் கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், பை இருந்தாலும். பேசுங்கள், பாடுங்கள்.

சந்தேகம் இருந்தால் காத்திருக்காதீர்கள் அம்மா. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள்.