குரலை விட்டுவிட்டுக் கேட்காதீர்கள்

"மியூசிக் எல்லாம் அருமையா இருக்கு, அந்த ஆள் கத்துறது மட்டும் இல்லைன்னா இன்னும் நல்லா இருக்கும்."

மெட்டல் (ராக் இசையின் முரட்டு வகை) பாட்டு எதையாவது பகிர்ந்தால் போதும், யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுவார். போன வாரம் சொன்னது என் சித்தி பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். என் கோபமெல்லாம் அவனுக்கு நண்பர்கள் கொடுத்திருக்கும் யோசனை மேல்தான்: "குரலைக் கண்டுக்காத, கிட்டாரை மட்டும் கேளு." எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். அதை நம்பி இரண்டு வருஷம் வீணாகப் போனது.

கல்லூரி விடுதியில் பக்கத்து அறை அண்ணன்தான் எனக்கு ஓபெத்தை அறிமுகம் செய்தார். ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த குழு. 2001-இல் வந்த அவர்களுடைய 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தில் 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' என்று ஒரு பாட்டு, கிட்டத்தட்ட 11 நிமிஷம். குழுவின் பாடகர் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட் அதன் முன்பாதியை அவ்வளவு இதமாகப் பாடுவார். பாதி நெருங்கும்போது அதே மனிதர் அடிவயிற்றிலிருந்து உறுமத் தொடங்குவார். அந்த இடம் வந்ததும் என் கை தானாக ஹெட்போனைக் கழற்றிவிடும். அப்புறம் எந்த நொடியில் அது வரும் என்பது மனப்பாடமாகி, அதற்கு முன்னாலேயே நகர்த்திவிடுவேன். குரலைக் கண்டுகொள்ளாமல் கிட்டாரைக் கேட்க எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். நடக்கவே இல்லை. மனிதக் குரல் காதில் விழுந்தால் கவனம் அங்கேதான் போகும். பேய்க்குரல் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த வெறுப்பு ரசனைக் குறைவு இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மனித அலறலைப் பற்றி 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. அலறும்போது ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது, சாதாரணப் பேச்சில் அந்த வேகம் கிடையாது என்று கண்டுபிடித்தார்கள். நாம் செய்து வைத்திருக்கும் அபாய மணிகளிலும் இதே சொரசொரப்புதான் இருக்கிறது. அதைக் கேட்டவுடன் மூளையில் பயத்தைக் கவனிக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. டெத் மெட்டல் என்ற, உறுமிப் பாடும் மெட்டல் வகையிலும் இந்தச் சொரசொரப்பு இருக்கிறது. ஆக, முதல் தடவை கேட்டு முகம் சுளிப்பவரிடம் 'உனக்கு இசை தெரியாது' என்று சொல்வது அநியாயம். அவர் உடம்பு செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. ஆபத்து எதுவும் இல்லை என்று அந்த உடம்புக்குப் புரிய நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

எனக்குப் புரிந்த விதம் இது. ஓபெத் 2003-இல் 'டேம்னேஷன்' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் உறுமலே கிடையாது, முழுக்க மென்மை. 2002 கடைசியில் வந்த 'டெலிவரன்ஸ்' என்ற முரட்டு ஆல்பத்தோடு சேர்த்து உருவான ஜோடி அது. நான் ஏறக்குறைய ஒரு வருஷம் 'டேம்னேஷன்' மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி பஸ்ஸில், ஜன்னல் ஓரம், ஒரு பாட்டில் கிட்டார் மெல்ல இறுகிக்கொண்டே போகிறது. அடுத்து உறுமல் வரும் என்று என் தோள் தயாராகிவிட்டது. வரவில்லை. பாட்டு அப்படியே தணிந்து போனது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது! நான் வெறுத்த ஒன்றுக்காக என் உடம்பு காத்திருந்திருக்கிறது. உடனே 'தி டிரேப்பரி ஃபால்ஸ்' போட்டு, எதையும் நகர்த்தாமல் கடைசி வரை கேட்டேன். உறுமல் முடிந்து அந்த மென்மையான குரல் திரும்பி வந்தபோது, அது முன்பாதியில் கேட்ட குரலாகவே தெரியவில்லை. ஏதோ ஒன்றைக் கடந்து வந்த ஆளின் குரலாக இருந்தது. நடுவிலே அந்த உறுமல் இல்லாவிட்டால் அது வெறும் அழகான பாட்டு, அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், குரலை ஒதுக்கிவிட்டுக் கேட்காதீர்கள், குரலையே கேளுங்கள். ஆனால் அதில் ராகத்தைத் தேடாதீர்கள், அது அங்கே இல்லை. அந்தக் குரல் பாதி தாள வாத்தியம். ஒரு அசை டிரம்மோடு சேர்ந்து விழுகிறதா, கொஞ்சம் தள்ளி விழுகிறதா, வரியின் கடைசி எழுத்தை எவ்வளவு நேரம் இழுக்கிறார், வாயைத் திறக்கும்போதும் குவிக்கும்போதும் ஒலியின் நிறம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். இன்னொன்று, பாடல் வரிகளைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது தடவையில் காது தானாக வார்த்தை பிரிக்கும். ஒரு தடவை பிரித்துவிட்டால், அப்புறம் அதை வெறும் இரைச்சலாகக் கேட்க நீங்களே நினைத்தாலும் முடியாது. வார்த்தை தெளிவாக வேண்டும் என்றால் 'டெத்' என்ற குழுவின் பாடகர் சக் ஷுல்டினரிடம் போங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெத் மெட்டலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2001-இல் மூளைக் கட்டியால் இறந்துபோனார். 1995-இல் வந்த 'சிம்பாலிக்' ஆல்பத்தில் அவர் சொல்வது பெரும்பாலும் அப்படியே புரியும்.

"தொண்டை கிழிஞ்சிடாதா?" என்பது அடுத்த கேள்வி. தப்பாகச் செய்தால் நிச்சயம் கெடும். முறையாகப் பழகியவர்கள் செய்வது கத்தல் இல்லை. நாம் பேசப் பயன்படுத்தும் குரல்நாண்களுக்குக் கொஞ்சம் மேலே போலிக் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு. அவற்றை அதிர வைத்துத்தான் அந்த ஒலி வருகிறது. ரஷ்யாவில் இருக்கும் துவா பகுதியின் தொண்டைப் பாட்டில் கர்கிரா என்ற அடிக்குரல் வகை பிறப்பதும் அங்கேதான். லோர்னா ஷோர் என்ற மெட்டல் குழுவின் பாடகர் வில் ராமோஸ், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பாடிக் காட்டிய வீடியோ இருக்கிறது. தொண்டைக்குள் தசைகள் சுருங்கி, முறுகி, ஒவ்வொரு ஒலிக்கும் வேறு வேறு வடிவம் எடுக்கின்றன. அதைப் பார்த்த பிறகு 'இதெல்லாம் யார் வேணா கத்தலாம்' என்று ஒருத்தர் சொல்லட்டும்.

வன்முறை என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. ரத்தமும் சதையுமாக எழுதப்படும் வரிகள் எனக்கும் பிடிக்காது, அந்தக் குழுக்களை நான் கேட்பதில்லை. ஆனால் சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட டெத் மெட்டல் ரசிகர்களையே வைத்து ஆய்வு செய்தார்கள். வன்முறைக் காட்சிகள் அவர்களையும் மற்றவர்களைப் போலவேதான் பாதித்தன, மனசு ஒன்றும் மரத்துப் போயிருக்கவில்லை. இசையைக் கேட்கும்போது அவர்கள் உணர்வதாகச் சொன்னது பெரும்பாலும் வலிமையையும் மகிழ்ச்சியையும்.

ஓபெத் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. 2011-இல் 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தோடு ஓகெர்ஃபெல்ட் ஆல்பங்களில் உறுமுவதை விட்டுவிட்டார். "அந்தக் கத்தல் மட்டும் இல்லைன்னா" என்று ஒரு காலத்தில் சொன்ன என்னைப் போன்றவர்களுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. நல்ல ஆல்பங்கள்தான், எல்லாவற்றையும் கேட்டேன். ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஒரு இடம் காலியாகவே இருந்தது. 2024 நவம்பரில் வந்த ஆல்பத்தில் அந்த உறுமல் திரும்பி வந்தது. 2008-இல் வந்த ஆல்பத்துக்குப் பிறகு முதல் தடவை. முதல் பாட்டில் அது வந்தபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

சித்தி பையனுக்கு அந்த 11 நிமிஷப் பாட்டை அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் அதுதான். ஹெட்போனில், ராத்திரியில், வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு கேளுங்கள். பிடிக்காவிட்டால் தாராளமாக நிறுத்திவிடுங்கள், எந்த நிமிஷத்தில் நிறுத்தினீர்கள் என்று மட்டும் கமெண்டில் சொல்லுங்கள். அடுத்து எதைக் கேட்கலாம் என்று நான் சொல்கிறேன்.