கனடா நீதிமன்றம் அகதி அந்தஸ்து வழங்குவதில்லை

வணக்கம் அண்ணை. கனடாவில் அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டாலும் அங்குள்ள சமஷ்டி நீதிமன்றம் (Federal Court) வழக்கை முதலிலிருந்து விசாரித்து, வென்றால் நேரே அகதி அந்தஸ்து கொடுக்கும் என்று எழுதியிருக்கிறீங்கள். அது சரியில்லை.

அந்த நீதிமன்றம் பார்ப்பது ஒன்றைத்தான்: மறுத்த முடிவு நியாயமாகவும் சட்டப்படியும் எடுக்கப்பட்டதா என்பது. அதற்கும் முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் வாய்மொழி விசாரணையே இல்லை, அந்த மறுப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்யவும் முடியாது. வென்றாலும், வழக்கமாக, பழைய முடிவு ரத்தாகி, கோரிக்கை வேறொருவர் மறுபடி தீர்மானிப்பதற்காகத் திரும்பிப் போகும். அங்கே மீண்டும் மறுக்கப்படவும் இடமுண்டு. புதிய சாட்சியங்களையும் பொதுவாக நீதிமன்றம் ஏற்காது; அவற்றைக் கொடுக்க முயல வேண்டிய இடம், அந்த வாய்ப்பு உள்ளவர்களுக்கு, அதற்கு முன்பே வரும் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவு.

யாரும் சரிபார்க்கலாம். கனடா நீதி அமைச்சின் இணையத்தளத்தில் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகவே இருக்கிறது. 72ஆம் பிரிவை வாசியுங்கள். அனுமதி பற்றியும், கனடாவுக்குள் எடுத்த முடிவென்றால் 15 நாள் கெடு என்பது பற்றியும் அதிலேயே உண்டு. சமஷ்டி நீதிமன்றத்தின் தளத்தில் தீர்ப்புகளும் கிடக்கின்றன. விண்ணப்பதாரர் வென்ற ஏதாவது ஒன்றை எடுத்து, கடைசியில் வரும் தீர்ப்புப் பகுதியைப் பாருங்கள்.

இங்கே யாழ்ப்பாணத்தில் பெற்றோர் பிள்ளையின் வழக்குக்காகக் காணியை ஈடு வைக்கிறார்கள். "வென்றால் அந்தஸ்து உறுதி" என்று யாராவது சொன்னால், காசு கொடுக்க முதல் அந்த 72ஆம் பிரிவைக் காட்டிக் கேளுங்கள்.