ஜென்னில் வேலையும் பயிற்சிதான்

புத்த மதத்தின் தியானப் பிரிவான ஜென்னைப் பழகுபவர்கள் தியானத்தில் உட்காருவதோடு சரி, சமூகத்துக்கு உதவ வரமாட்டார்கள்; அதனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த வெசாக் (புத்த பூர்ணிமா) அன்னதானத்தில் பாத்திரம் கழுவிய பெரியவர் ஜென்காரராக இருக்க முடியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்லங்க. ஜென் மடங்களில் சமையல், பெருக்குதல், தோட்டவேலை எல்லாமே பயிற்சிதான். ஜப்பானிய ஜென் ஆசான் தோகென் 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ‘தென்சோ கியோகுன்’ எழுதினார். அரிசியில் மணல் பார்ப்பதிலிருந்து பாத்திரத்தை உரிய இடத்தில் வைப்பதுவரை அதில் இருக்கிறது. அந்தப் பெரியவர் அடிப்பிடித்த சோற்றுக்குண்டானை நிதானமாகத் தேய்த்ததும் அந்த வழிதான். மனசார மதிக்க வேண்டிய உழைப்பு அது. சந்தேகமிருந்தால் அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முதல் சில பக்கங்கள் போதும். அப்புறம், ஏதாவதொரு ஜென் மடத்தின் தினசரி அட்டவணையையும் பாருங்கள். தியானத்தோடு வேலை நேரமும் போட்டிருக்கும்.