நெடுந்தீவுக் குதிரைக்குச் சாதகம் எழுதுறவைக்கு

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில நெடுந்தீவில தானா அலையிற குதிரையளைப் பத்தி சனிக்கிழமை கொழும்பு ஏழில நடந்த அந்தப் பேச்சு நிகழ்ச்சிட வீடியோவை எத்தினை பேர் எனக்கு அனுப்பிட்டியள். "அண்ணை உங்கட ஊர்க் குதிரையைப் பத்தித்தான், பாருங்கோ" எண்டு. நான் நேரிலயே இருந்தனான், கடைசி வரிசையில. கோவம் ஆறட்டும் எண்டு ரெண்டு மூண்டு நாள் பேசாம இருந்தன். ஆறேல்ல, எழுதுறன்.

முதல் விசயம். நெடுந்தீவுக் குதிரை "சுத்த அரபு இரத்தம்" எண்டு அங்க பேசின ஆள் ஸ்லைட்டைப் போட்ட உடன கைதட்டினீங்களே, என்ன ஆதாரம் எண்டு ஒருத்தராவது கேட்டியளோ? ஒரு அரபுக் குதிரைட படம், பக்கத்தில எங்கட ஊர்க் குதிரைட படம், ரெண்டுக்கும் நாலு கால், ஒரு வால். சரித்திரம் முடிஞ்சுது.

தீவில குதிரை வந்த கதை எங்கட ஆக்களுக்குத் தெரியாததில்ல. போர்த்துக்கீசர் காலத்துக் கதை ஒண்டு சொல்லுவினம். 1658 இல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஒல்லாந்தர் தங்கட ஊர்ப் பேரை, டெல்ஃப்ட் எண்டு, தீவுக்கு வச்சதோட அங்க குதிரையும் வளத்தவை. சாராப்பிட்டியில அந்த லாயத்துக் கல்லுத் தூண்கள் இண்டைக்கும் நிக்குது, நாங்கள் சின்னனில ஒளிச்சுப் பிடிச்சு விளையாடின இடம் அது. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில நோலன் எண்ட லெப்டினன்ட் பொறுப்பா இருந்து வளத்தது. அதுக்குப் பிறகு ஆருக்கும் குதிரை தேவைப்படேல்ல, அவிட்டு விட்ட மாதிரி விட்டிட்டுப் போட்டினம். படைக்கும் சவாரிக்கும் எண்டு எங்கெங்கயோ இருந்து கொண்டு வந்து, கண்டபடி கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையா உப்புக் காத்துக்கையும் காஞ்ச புல்லிலயும் தானாத் தப்பிப் பிழைச்ச மட்டக் குதிரை இது. அதுக்குப் போய் சாதகம் எழுதி, குலம் கோத்திரம் பாத்து, சுத்தம் எண்டு முத்திரை குத்தினாத்தான் மதிப்போ?

இந்த வியாதி உலகம் முழுக்க இருக்கு, அதையும் சொல்லத்தான் வேணும். போர்த்துக்கல்லில சொராயா எண்டு ஒரு குதிரை, 1920 இல ருய் த அந்திராட எண்டவர் ஒரு ஆத்துப் பக்கம் கண்டு, இதுதான் ஐபீரியக் குதிரை எல்லாத்துக்கும் ஆதி எண்டு நம்பி, கொஞ்சக் குதிரையை மட்டும் வச்சுப் பெருக்கினவர். இப்ப பரம்பரை மிகவும் குறுகிப் போய் இனமே ஆபத்தில நிக்குது. வெளியாள் வந்து "கண்டுபிடிக்கிற" வியாதிக்கு ஈரான் காஸ்பியன் குதிரையைப் பாருங்கோ. 1965 இல லூயிஸ் ஃபிரூஸ் எண்ட அமெரிக்க அம்மா கண்டுபிடிச்சவ எண்டு எல்லா இடமும் எழுதியிருக்கு. அவ காணேக்க அது ஆமோல் பக்கத்தில வண்டி இழுத்துக்கொண்டு நிண்டது! வண்டிக்காரன் அதைக் கண்டுபிடிக்கேல்லையாம். அந்த அம்மா கஷ்டப்பட்டுக் காப்பாத்தினவ, நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா அந்த வண்டிக்காரன்ட பேர் ஒரு இடத்திலயாவது இருக்கோ?

சரி, சனிக்கிழமைக்கு வருவம். எனக்கு விசர் வந்தது அரபு இரத்தத்தில இல்ல. "உள்ளூர் மக்களுக்கு இந்தக் குதிரைட பெறுமதி விளங்கேல்ல, அவையின்ட மாடுதான் குதிரைட புல்லைத் திண்டு முடிக்குது" எண்டு மைக்கைப் பிடிச்சுச் சொன்னதில. சொன்ன ஆளிட கால்ல வடிவான முழங்கால் வரைக்குமான சப்பாத்து, கொழும்பு மண்டபத்துக்குள்ள, ஏசிக்குள்ள.

எங்கட ஆச்சிட வீடு முருகைக்கல்லு வேலியோட இருந்தது. பள்ளிக்கூட லீவுக்கு அம்மாவோட போனா, வெயில் நாளையில பின்னேரம் ஆச்சி கிணத்தில பட்டையால தண்ணி அள்ளி மாட்டுத் தொட்டிக்குள்ள ஊத்துவா. மாடு குடிச்ச பிறகும் ஊத்துவா. ஏன் ஆச்சி எண்டா, "பொறு, அதுகள் வரும்" எண்டுவா. கொஞ்ச நேரத்தால வேலிக்கு அங்கால ஒரு பெண் குதிரையும் குட்டியும் வந்து நிக்கும், பிடரி மயிரெல்லாம் நெருஞ்சி முள்ளு சிக்கி, விலா எலும்பு எண்ணலாம். நாங்கள் நிண்டா வராது. எல்லாரும் உள்ள போனாத்தான் வந்து குடிக்கும், குட்டி முதல்ல, பிறகு தாய். ஆச்சிக்கு அரபும் தெரியாது, இரத்தமும் தெரியாது. வாய்விட்டுக் கேக்கத் தெரியாத சீவன் எண்டு மட்டும் தெரியும். அந்த மனுசிக்குப் பெறுமதி விளங்கேல்லையாம்.

குதிரைக்கு வேண்டியது தண்ணி. திரும்பவும் சொல்லுறன், தண்ணி. வறட்சி வந்தா அந்தத் தெற்குப் பக்க வெளியில குதிரை செத்துக் கிடக்கிறதை நாங்கள் பாத்தவை, பேப்பரிலயும் வந்தது. செத்த குதிரைட இரத்தம் அரபோ ஆந்திராவோ, நாய்க்கும் காகத்துக்கும் ஒண்டுதான்.

நமீபியாவில பாலைவனத்துக்க இதே மாதிரி ஆரோ விட்டிட்டுப் போன குதிரைகள் இருக்கு. எங்க இருந்து வந்தது எண்டு நாலு கதை சொல்லுவினம், ஜேர்மன் படையிண்ட எண்டும், தென்னாப்பிரிக்கப் படையிண்ட எண்டும், பக்கத்துப் பண்ணையிண்ட எண்டும். கதை முடியட்டும் எண்டு அவங்கள் காத்திருக்கேல்ல. கரூப் எண்ட இடத்தில முந்தி நீராவி ரயிலுக்கு அடிச்ச குழாய்க் கிணத்தில இருந்து தண்ணியை எடுத்துத் தொட்டிக்கு விட்டாங்கள். அவ்வளவுதான் வேலை. உங்கட ஒரு மணித்தியாலப் பேச்சில தண்ணிக்கு எத்தினை ஸ்லைட்? ஒண்டு. அதுவும் சூரியன் மறையிற படம்.

இப்ப வருவினம். "அவை இல்லாட்டி இந்தக் குதிரையைப் பத்தி கொழும்பில ஆர் கதைச்சிருப்பினம்?" எண்டு. சரி, ஒத்துக்கொள்ளுறன், அவை எடுத்த படங்கள் வடிவு. 2015 இல தேசியப் பூங்கா எண்டு அறிவிச்சதும் நல்லதுதான். ஆனா கதைக்கிறது எண்டா அங்க இருக்கிற சனத்தைத் திட்டித்தான் கதைக்க வேணுமோ?

"டிஎன்ஏ பாத்தா எல்லாம் தெரிஞ்சிடும்." பாருங்கோ, ஆர் மறிச்சது. பாக்க முதல் ஏன் அரபு எண்டு டீசேட்டில அடிச்சு விக்கிறியள்?

"மாடு கூடித்தானே போச்சு?" மாடு தான் அந்தச் சனத்திண்ட சீவியம். கடலுக்குப் போகேலாத நாளில வேற என்னத்தை வச்சுப் பிள்ளையளைப் படிப்பிக்கிறது? புல்லுப் பிரச்சினை இல்லாமல் இல்ல. அதை அந்தச் சனத்தோட இருந்து கதைக்கோணும். சனிக்கிழமை மேடையில தீவில இருந்து வந்த ஒரு ஆளைக் காட்டுங்கோ பாப்பம்.

பிறகு ஒருத்தர் கட்டாயம் எழுதுவார், "நீ வெள்ளவத்தையில ஃப்ளாட்டில இருந்துகொண்டு நெடுந்தீவுக்கு வக்காலத்தோ" எண்டு. ஓம், வெள்ளவத்தையிலதான். ஆச்சிட வீட்டில இப்ப கூரை இல்ல, வேலி மட்டும் நிக்குது. நாங்கள் ஏன் இஞ்ச வந்தனாங்கள், அந்தக் கடலில என்ன நடந்தது, நெடுந்தீவுச் சனம் ஏறின குமுதினிப் படகில 1985 இல ஆர் ஆர் வெட்டுப்பட்டுச் செத்துப் போனவை எண்டெல்லாம் நான் விளக்கிக்கொண்டு இருக்கோணுமோ? ஆசைப்பட்டோ வந்தனாங்கள்? குதிரை ஏன் அங்க தனிய நிக்குது எண்டு கேக்கிறியள், சனம் ஏன் குறைஞ்சது எண்டு கேக்கிறியளோ?

போன முறை நான் போகேக்க நெடுந்தீவுக்குப் படகு ஏறுற குறிகட்டுவானில கர்ப்பமான ஒரு பிள்ளை, தாயோட, கடல் கொந்தளிப்பு எண்டு படகு வெளிக்கிடாம, அந்த இறங்குதுறை வெயிலுக்க ஒரு சாக்கை விரிச்சு இருந்தது. கிளினிக்குக்கு வந்து திரும்பிப் போறதாம். கையில ஒரு போத்தில் தண்ணி, கடைசி அரை. கமரா பையோட அஞ்சாறு பேர் பக்கத்தில நிழலுக்க இருந்து, குதிரையை எப்ப பாக்கலாம், வெளிச்சம் போயிடும் எண்டு ஒரே புறுபுறுப்பு. ஒருத்தராவது அந்தப் பிள்ளைக்கு நிழல் விட்டு எழும்பேல்ல. நான் ஏன் இதைச் சொல்லுறன் எண்டு விளங்குதோ தெரியேல்ல, குதிரையைப் பத்தி எழுத வெளிக்கிட்டு எங்கயோ வந்திட்டன், ஆனா எனக்கு ரெண்டும் வேற வேற இல்ல.

அந்த நிகழ்ச்சிக்காரர் குதிரை பாக்கிற அடுத்த டூருக்கு ஆள் சேக்கினமாம், சாப்பாடும் டீசேட்டும் சேத்து. போறவை போங்கோ, ஆனா "அண்ணை, ஆரைச் சந்திக்கிறது" எண்டு என்ட இன்பொக்ஸுக்கு வராதேங்கோ. சொந்தக்காரர் ஆரும் கீழ "விடு தம்பி" எண்டு எழுதவும் வேண்டாம். நான் விடுறதா இல்ல.