பெரி கிளப்பைச் சம்பள வரம்பு காப்பாற்றவில்லை

"லீக் ஒன் (இங்கிலாந்து கால்பந்தின் மூன்றாம் நிலைப் பிரிவு) கிளப்புகள் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் சம்பளம் கொடுக்க முடியாது, அதனால் இங்கிலாந்தில் கீழ்நிலை கிளப் எதுவும் சம்பளத்தால் மூழ்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறான முடிவு. 60 சதவீத விதி இருந்தது உண்மை. ஆனால் 'வருமானம்' என்ற கணக்கில் டிக்கெட் விற்பனை மட்டுமல்ல, உரிமையாளர் நன்கொடையாகவோ பங்கு முதலீடாகவோ போடும் பணமும் சேரும். அவர் கை தாராளமாக இருக்கும்வரை வரம்பும் உயர்ந்துகொண்டே போகும். கையை இழுத்துக்கொண்டால் வீரர்களின் ஒப்பந்தங்கள் மட்டும் மிஞ்சும்.

பெரி எஃப்சியைப் பாருங்கள். 1885-இல் தொடங்கிய கிளப். 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கை மாறியது. 2019 வசந்தத்தில் வீரர்களுக்குச் சம்பளமே வரவில்லை, ஆனாலும் லீக் டூவில் (லீக் ஒன்னுக்கு அடுத்த கீழ்ப் பிரிவு) இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறினார்கள்! அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று லீக்கை விட்டே நீக்கப்பட்டார்கள். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், 2020-இல் லீக் ஒன்னுக்கு 25 லட்சம் பவுண்டு, லீக் டூவுக்கு 15 லட்சம் என ஒரு கிளப்பின் மொத்தச் சம்பளச் செலவுக்கு நிலையான உச்சவரம்பு வந்தது. வீரர்கள் சங்கம் எதிர்த்ததால் 2021 பிப்ரவரியில் தகராறு தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது.