எந்த ஊருன்னு கேக்கறதுக்கா ஏரியா சபை?

நேத்து நம்ம வார்டு ஏரியா சபைல, அதாவது வார்டு மக்கள் கூடி கொறைய சொல்ற கூட்டத்துல, நடந்தத வீடியோல எல்லாரும் பாத்துருப்பீங்க. தண்ணிய பத்தி கேக்க எந்திரிச்ச அக்காவ பாத்து முன் வரிசைல இருந்த ஒருத்தர் "உங்களுக்கு எந்த ஊருங்க, ஓட்டு இங்க இருக்குதா"ன்னு கேட்டாரு, அந்தக்கா பேசாம ஒக்காந்துட்டாங்க, மேடைல இருந்த யாரும் ஒரு வார்த்த சொல்லல. எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல.

திருப்பூர்ல நின்னுட்டு ஒருத்தர பாத்து எந்த ஊருன்னு கேக்கலாமுங்களா? மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த குடும்பம் இல்லாத வீதி ஒண்ணு காட்டுங்க பாக்கலாம். பனியன் கம்பெனில ஓவர்லாக் மிஷின்லயும் செக்கிங்லயும் நின்னு வேல செய்யறது யாரு? அவங்க தெச்ச பனியன் கப்பல் ஏறலாம், அவங்க வீட்டுக்கு தண்ணி வரலைன்னு மட்டும் கேக்கக்கூடாதா?

எங்கப்பாவும் வந்தவருதாங்க. லைன் வீடு, அத்தன குடும்பத்துக்கும் ஒரே கொழாய். நல்ல தண்ணி எப்ப வரும்னு தெரியாது, நடுராத்திரில கொழாய்ல காத்து சீறுற சத்தம் கேட்டாலே அம்மா எந்திரிச்சு கொடத்த வரிசைல கொண்டுபோய் வெப்பாங்க. போர் தண்ணிய வாயில வெக்க முடியாது. 2011ல நொய்யல் ஆறு கெட்டுப்போச்சுன்னு ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச் சொன்னப்ப அப்பாவுக்கும்தான் வேல போச்சு, அன்னிக்கு யாரும் நீ எந்த ஊருன்னு கேட்டுட்டு கஷ்டத்த குடுக்கல. இருந்து கடன வாங்கி இதே ஊர்லதான் எங்கள படிக்க வெச்சாரு.

ஒரு அண்ணன் கமெண்ட்ல "கிராம சபைலயே வாக்காளர் பட்டியல்ல இருக்கறவங்கதான உறுப்பினர்"ன்னு போட்ருக்காரு. சரிங்ணா, தீர்மானத்துக்கு கை தூக்க ஓட்டு வேணும்னே வெச்சுக்கலாம். எங்க வீதில தண்ணி வரலைன்னு சொல்றதுக்கு எதுக்குங்ணா ஓட்டு? ஓனரு கட்டற வரி இவங்க குடுக்கற வாடகைல இருந்துதான போகுது. ஓட்ட இங்க மாத்திக்க வேண்டியதுதானன்னு சொல்றீங்க, அட்வான்ஸுக்கே ரசீது குடுக்காத ஓனருகிட்ட போயி அட்ரஸ் ப்ரூஃப் வாங்கி பாருங்க, அப்பறம் பேசலாம். நான் அரசியல் பண்றேன்னு சொல்றவங்களுக்கு பதில் சொல்லப்போறதில்ல.

இந்த கூட்டம் லேசுல வந்ததில்லீங்க. 3 லட்சம் பேருக்கு மேல இருக்கற நகரத்துல வார்டு பிரச்சினைய பாக்க வார்டு கமிட்டி வேணும்னு 1992லயே அரசியல் சட்டத்துல 74வது திருத்தம் போட்டாச்சு. ஆனா நம்ம தமிழ்நாட்டுல அந்த வார்டுக்குள்ள மக்களே கூடற ஏரியா சபைன்னு மொதல்ல கூடுனது 2022 நவம்பர் 1. 2016ல இருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லாம கெடந்தமே, ஒரு தெருவிளக்கு எரியலைன்னா யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம அலைஞ்சது மறந்துபோச்சா? இத்தன வருசம் கழிச்சு கெடச்ச எடத்துல கேள்வி கேக்க வந்தவங்கள எப்படிங்க ஒக்கார வெக்க மனசு வருது?

அந்தக்கா பீஸ் ரேட்டுக்கு தெக்கறவங்க. வேல நாள்ல பகல் 11 மணிக்கு கூட்டம் வெச்சா, அவங்களுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அத விட்டுட்டு வந்தவங்க மேல இல்லாத அக்கற, டீ குடிச்சுட்டு பாதில கெளம்புன உள்ளூர்க்காரங்க மேல எதுக்கு? ஞாயித்துக்கெழம சாயங்காலம் வெச்சு பாருங்க, மண்டபம் பத்தாது.

கூட்டம் முடிஞ்சதும் போயி, பேசுனத எழுதி வெக்கற மினிட்ஸ் நோட்ட பாத்தேன். "பொதுமக்களின் குறைகள் கேட்டறியப்பட்டன." அவ்வளவுதான். எந்த வீதி, எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி, ஒண்ணுமே இல்ல. முன்ன ஒருக்கா சாக்கட சிலாப்பு ஒடஞ்சதுக்கு நாங்க விடாம நின்னு வீதி பேரு, கம்பத்து நம்பரு எல்லாம் எழுத வெச்சோம், ஏஇ (உதவி இன்ஜினியர்) நேர்லயே வந்து பாத்துட்டு போனாரு, சிலாப்பும் மாத்துனாங்க. தெளிவா எழுதுனா வேல நடக்குதுங்க. எழுதலீன்னா அடுத்த கூட்டத்துல "அப்படி ஒரு புகாரே வரலீங்களே"ம்பாங்க.

அதனால நம்ம வார்டு ஆளுங்க எல்லாத்துக்கும் சொல்றேன், சொந்த ஊருக்காரங்க வந்தவங்கன்னு பாக்காம. கேட்டவங்க பேரு, வீதி, பிரச்சினைய எழுதி, அத அங்கயே சத்தமா வாசிச்சு காட்டட்டும். அதுவரைக்கும் அந்த நோட்டுல நான் கையெழுத்து போடமாட்டேன், நீங்களும் போடாதீங்க.